கப்பல் வாங்குவது எளிது, டீசல் ஊற்றுவதுதான் கஷ்டம்

கேள்வி இதுதான். ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடல் கண்ணில் படாத மலையகத்தில் இருக்கிறோம். மீன்வளத்தைக் காக்க ரோந்துக் கப்பல் வேண்டும் என்று பட்ஜெட் நேரத்தில் பேச்சு வருகிறது. இலங்கை மாதிரி ஒரு சின்ன நாடு அதற்குப் பணம் எங்கே தேடுகிறது? அந்தக் காசைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

பிள்ளைகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள், டீச்சர். நான் கடற்படைக்காரன் இல்லை. அரசாங்கக் கணக்குப் பிரிவுகளில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது கொட்டகலையில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் பீரங்கி பற்றிக் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டு பற்றிக் கேளுங்கள்.

முதலில் ஒரு அம்புலன்ஸ் கதை. நான் சின்ன வயதில் இருந்த தோட்டத்துக்கு வெளிநாட்டு உதவியில் ஒரு அம்புலன்ஸ் வந்தது. பழைய வண்டிதான், ஆனால் ஓடியது. பிரட்டுக்களத்தில் நிறுத்தி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதன் சிவப்பு விளக்கைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றோம். ஆறு மாதம் ஓடியிருக்கும். அப்புறம் டீசலுக்கு யார் காசு தருவது என்று இழுபறி. கிளட்ச் போனபோது அந்த மொடலுக்குச் சாமான் கொழும்பிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்டோருக்குப் பின்னால் டயர் மண்ணில் புதைய நின்றது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் யாரோ வீட்டுக் கோழி அடைகாத்தது. நோயாளிகள் பழையபடி கொழுந்து லொறியில் போனார்கள்.

ரோந்துக் கப்பல் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழிதான் ஞாபகம் வரும்.

எவ்வளவு கடலைக் காக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். கரையிலிருந்து 200 கடல்மைல் வரை விரியும், மீன் உரிமை நமக்கே உள்ள பிரத்தியேகப் பொருளாதார வலயம் சுமார் 517,000 சதுர கிலோமீற்றர், அதாவது நிலத்தைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நுவரெலியா மாவட்டத்தைப் போல முந்நூறு மாவட்டம். அதற்குள் றோட்டும் இல்லை, செக்பொயின்ட்டும் இல்லை. இதைக் காவல் காக்க ஒரு கப்பல் எப்போதும் கடலில் நிற்க வேண்டுமென்றால், கையில் மூன்று கப்பல் இருக்க வேண்டும் என்பது கடற்படைகளின் பழைய கணக்கு. ஒன்று கடலில் நிற்கும். ஒன்று திரும்பி வந்து அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகும். மூன்றாவது மேடையில் ஏறி வயிறு கிழிந்து பழுது பார்க்கப்படும். ஆக, "மூன்று கப்பல் வந்துவிட்டது" என்று செய்தியில் படித்தால் "கடலில் ஒன்று" என்று மனசுக்குள் மாற்றிப் படியுங்கள்.

சரி, இலங்கையிடம் இருக்கும் பெரிய கப்பல்கள் எங்கிருந்து வந்தன? இந்தப் பட்டியலே பாதிப் பதில். சயுர 2000ஆம் ஆண்டு இந்தியாவிடமிருந்து வந்த பாவித்த கப்பல். சமுதுர அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் 1960களிலிருந்து ஓடி, 2004இல் நமக்குக் கைமாறியது. சாகர 2006இல் இந்தியாவிடம் குத்தகைக்கு எடுத்து, பின்னர் நமக்கே தரப்பட்டது. சயுரால, சிந்துரால இரண்டும் மட்டும் கோவாவில் நமக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டு 2017இலும் 2018இலும் சேவைக்கு வந்தவை. கஜபாகுவும் விஜயபாகுவும் மறுபடி அமெரிக்காவின் பழைய கப்பல்கள், ஒவ்வொன்றும் 115 மீற்றர் நீளம், இரண்டுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பராக்கிரமபாகு 2019இல் சீனா கொடுத்தது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஜப்பான் நன்கொடையாக 30 மீற்றர் படகு இரண்டு 2018இல் வந்தன. அதற்கு முன்பு 2014இல், அகதிப் படகுகள் புறப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று அவுஸ்திரேலியா இரண்டு படகு தந்தது.

அரசர்களின் பெயரை வைத்துவிட்டால் கப்பலுக்கு வயது குறையாது. அது ஒரு பக்கம். இந்தப் பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தந்தவர்களில் யாரும் பருத்தித்துறை மீனவனின் வலை அறுகிறதே என்று இரக்கப்பட்டுத் தரவில்லை. இந்தியாவுக்குச் சீனாவைப் பற்றிய கவலை, சீனாவுக்கு இந்து சமுத்திரத்தில் ஒரு கால், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் கப்பல் பாதை, அவுஸ்திரேலியாவுக்கு அகதிகள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நாடுகள் அப்படித்தான். ஆனால் பரிசாக வரும் கப்பல் பரிசு தருகிறவரின் தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் உதிரிப்பாகம். நம்முடைய பழைய தேயிலை ஃபெக்டரிகளில் பார்த்திருப்பீர்கள்: ரோலர் ஒரு கம்பெனி, டிரையர் பெல்ஃபாஸ்ட்டில் செய்த சிரோக்கோ, இஞ்சின் வேறொரு நாடு. ஃபிட்டர் பாஸின் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஸ்பேனர் செட். நம் கடற்படையின் நிலைமையும் அதுவே. அமெரிக்க இஞ்சின், இந்திய இஞ்சின், சீன இஞ்சின், இஸ்ரேலிய மாதிரி டோரா என்ற சின்ன வேகப் படகுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகப் பயிற்சி, தனியாகச் சாமான், தனியாகக் களஞ்சியம். கப்பல் இலவசம், அதன் ஃபில்டர் இலவசம் இல்லை.

இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கப்பலை முப்பது வருஷம் வைத்திருந்தால், வாங்கிய விலை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் முழுவதும் எரிபொருள், சம்பளம், சாப்பாடு, துரு சுரண்டுவது, பெயின்ட். அதனால்தான் "ரோந்துக் கப்பல் வாங்கப் பணம் எங்கே?" என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, "வருஷத்துக்கு எத்தனை கடல் நாள், அதாவது கப்பல் கடலில் நிற்கும் நாள், வாங்க நம்மிடம் காசு இருக்கிறது?" என்று கேட்கச் சொல்கிறேன். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பலைப் பார்த்து எந்தத் திருட்டுப் படகும் திரும்பிப் போகாது.

மற்ற சின்ன நாடுகள் என்ன செய்தன என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்து. 1970களில் அந்த நாட்டின் சனத்தொகை இரண்டு இலட்சத்துச் சொச்சம், இன்றைய நுவரெலியா மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மீன் எல்லையை முதலில் 12 மைலுக்கும், பிறகு 50 மைலுக்கும், கடைசியில் 200 மைலுக்கும் தள்ளிக்கொண்டே போய், பிரித்தானியாவோடு மூன்று தடவை மோதியது. ஊர் உலகம் அதைக் கொட் மீன் யுத்தம் என்றது. பிரித்தானியா பெரிய போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்துக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ரோந்துக் கப்பல்களோடு நின்றார்கள். 1972இல் அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் பீரங்கி அல்ல, கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்துப் போகும் ஒரு வெட்டுக் கருவி. வலையை இழுத்து மீனை அள்ளும் இழுவைமடிக் கப்பலின் பின்பக்கமாகக் குறுக்கே போனால் வலையைத் தாங்கும் கம்பி அறுந்துவிடும். வலையும் மீனும் அடியில். அவ்வளவுதான். 1976இல் பிரித்தானியா இறங்கி வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்திய சங்கதி. ஐஸ்லாந்தின் தெற்கே வெஸ்ட்மன் தீவுகள் என்று சில தீவுகள் இருக்கின்றன. 1920இல் அந்தத் தீவுக்காரர்களின் மீட்புச் சங்கம் பழைய டேனிஷ் இழுவைமடிக் கப்பல் ஒன்றை வாங்கி, தங்கள் படகுகளைக் காக்கக் கடலில் விட்டது. பெயர் தோர். ஆறு வருஷம் கழித்து அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அந்த நாட்டின் கரையோரக் காவல்படையின் முதல் கப்பல் அதுதான். மீனவர்களே காசு போட்டுத் தொடங்கியது. ஏன் போட்டார்கள்? மீன்தான் அவர்களுடைய தேயிலை. ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. அந்த நிலையில் ரோந்துக் கப்பலை யாரும் பாதுகாப்புச் செலவு என்று பார்க்கவில்லை, தோட்டத்துக்கு வேலி என்று பார்த்தார்கள்.

அயர்லாந்து வேறு வழி. அவர்கள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு, அவர்கள் கடலில் இருக்கும் மீனை மற்ற ஐரோப்பிய நாட்டுப் படகுகளும் பிடித்தன. "மீன் பொதுச் சொத்து என்றால் காவல் செலவும் பொதுச் செலவு" என்று அயர்லாந்து வாதாடியது, 1970களின் கடைசியிலிருந்து கப்பல் வாங்கும் செலவில் ஒரு பங்கை ஐரோப்பா கொடுத்தது. நியாயமான வாதம். ஆனால் அதே அயர்லாந்தில் 2023இல் என்ன நடந்தது? ஏழு கோடி யூரோ அளவில் கட்டிய நவீனக் கப்பல்கூட, ஓட்ட ஆள் இல்லாமல் கட்டிப்போடப்பட்டது. படித்த மாலுமிகள் கரையில் அதிகச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். நியூசிலாந்திடமிருந்து சின்னக் கப்பல் இரண்டைப் பாவித்த நிலையில் 2.6 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள், குறைந்த ஆட்களோடு ஓட்டலாம் என்பதும் அதில் ஒரு காரணம். பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

பசிபிக் தீவுகளின் வழி இன்னும் சுவாரசியம். அங்கே கடல் பெரிது, சனம் சொற்பம், டூனா அதிகம். நவுரு ஒப்பந்தம் என்ற பெயரில் எட்டு நாடுகள் கூடி, வெளிநாட்டுப் படகுகளுக்கு மீன்பிடி நாள்களை விற்கின்றன. ஒரு படகு, ஒரு நாள், குறைந்தது 8,000 டொலர். தனித்தனியாகப் பேரம் பேசியிருந்தால் இந்த விலை கனவிலும் கிடைத்திருக்காது. தோட்டத்தில் ஒருவர் தனியாகப் போய்ச் சம்பளம் கேட்பதற்கும் சங்கம் கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசம்தான். ரோந்துப் படகுகளை அவுஸ்திரேலியா கொடுக்கிறது: 1987க்கும் 1997க்கும் இடையில் 12 நாடுகளுக்கு 22 படகு, அவை கிழடானதும் 2018இலிருந்து 39.5 மீற்றர் நீளமான புதியவை. கவனிக்க வேண்டியது, படகோடு பராமரிப்பும் பயிற்சியும் ஆலோசகர்களும் சேர்ந்தே வருகிறார்கள். நம்முடைய அம்புலன்ஸுக்குக் கிடைக்காதது அதுதான். சீஷெல்ஸ் ஐரோப்பிய டூனாப் படகுகளுக்கு அனுமதி கொடுத்து வருஷத்துக்கு 53 இலட்சம் யூரோ வாங்கியது, அதில் பாதிக்கு மேல் மீன்பிடித் துறையை நடத்தவும் கண்காணிக்கவும் என்று ஒதுக்கிய பணம்.

நாமும் அப்படி அனுமதி விற்றால் என்ன என்று உங்கள் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். நம் நிலைமை வேறு. பசிபிக் தீவுகளுக்குச் சொந்தப் படகு குறைவு. நமக்கு பலநாள் படகுகளே 4,000க்கு மேல் இருக்கின்றன. வெளிநாட்டானுக்கு விற்கும் ஒவ்வொரு நாளும் நீர்கொழும்பு, பேருவளை, தேவேந்திரமுனைக்காரர்களின் வாயிலிருந்து பிடுங்குவது. வடக்கிலோ, வரும் படகுகள் இழுவைமடிப் படகுகள். அடிமட்ட இழுவையை 2017இல் சட்டம் போட்டு நாமே தடைசெய்துவிட்டு, அதையே காசுக்கு அனுமதிக்க முடியாது.

கடன் வாங்கிக் கப்பல் வாங்குவதைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும்: மொசாம்பிக். 2013, 2014 காலத்தில் அந்த நாடு டூனாப் படகுகளும் கரையோர ரோந்துப் படகுகளும் வாங்கப் போகிறோம் என்று 200 கோடி டொலருக்குக் கடன் எடுத்தது. மூன்று கம்பெனி திறந்தார்கள், அரச உத்தரவாதம் கொடுத்தார்கள், பெரும்பகுதியைப் பாராளுமன்றத்துக்கே சொல்லவில்லை. 2016இல் குட்டு வெளிப்பட்டது. சர்வதேச நாணய நிதியம் பணத்தை நிறுத்தியது, நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. படகுகள் துறைமுகத்தில் துருப்பிடித்தன. அப்போதைய நிதியமைச்சர் மனுவேல் சாங்கை 2024இல் நியூயோர்க் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், மேலே விளக்கம் வேண்டியதில்லை.

இனி நம் கடல். இங்கேதான் பேச்சு குழம்புகிறது, ஏனென்றால் இலங்கைக்கு ஒரு கடல் இல்லை, இரண்டு இருக்கின்றன.

வடக்கே பாக்கு விரிகுடா. பெரும்பாலான இடத்தில் ஆழம் 15 மீற்றரைத் தாண்டாது. கஜபாகு மாதிரி ஒரு கப்பலின் அடி நாலரை மீற்றருக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பாறையும் மணல்திட்டும் உள்ள அந்தக் கடலில், இரவில், நூற்றுக்கணக்கான சின்னப் படகுகளுக்கு நடுவே துரத்துவது என்றால், கொழுந்து மலையில் கன்டெய்னர் லொறி ஓட்டுவது மாதிரி. அங்கே வேலை செய்வது டோராவும் கடற்படையே தன் பட்டறையில் கட்டிய அரோ படகும்தான். ஆக, வடக்கு மீனவரைக் காட்டிப் பெரிய கப்பலுக்குப் பணம் கேட்டால், யாராக இருந்தாலும், நம்பாதீர்கள்.

வடக்கில் நடப்பது என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பொதுவாக வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, கடலுக்குப் போகின்றன. அந்த இரவுகளில் நம் வடக்கு மீனவர்கள் பலர் வலை விடுவதில்லை. விட்டால் காலையில் வலை இருக்காது. யுத்தம் நடந்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை, யுத்தம் முடிந்தபின் அண்ணன் தம்பி மொழி பேசுகிறவர்களின் மடி வந்து அள்ளுகிறது. 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கடற்படை கைது செய்த இந்திய மீனவர்கள் 500க்கு மேல். அதே வருஷம் ஜூனில், காங்கேசன்துறைக்கு அப்பால் ஒரு படகைப் பிடிக்கப்போன கடற்படைச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார்.

மலையகத்தவர்களான நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு, டீச்சர். என் அத்தை, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியவர். அவருடைய பேரன்களில் ஒருவன் இராமேஸ்வரத்தில் இழுவைப் படகில் கூலிக்குப் போகிறான், படகு முதலாளிக்கு வேறு தொழில், வேறு ஊர். பிடிபட்டால் சிறைக்குப் போவது இவன். போன வருஷம் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனபோது மயிலிட்டித் துறைமுகத்தைப் பார்த்தேன். பிடித்து வைத்த படகுகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. ஒன்றின் நீலப் பெயின்ட்டில் முருகன் படம் பாதி உரிந்து, வேல் மட்டும் மிச்சம். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் இதை ஏலம் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "விறகு விலைதான் தம்பி, அதுவும் ஈர விறகு" என்றார். 2022இல் ஏலம் போட்டும் பார்த்தார்கள். கப்பல் செலவை ஈடுகட்டும் வருமானம் அதில் இல்லை.

அபராதமும் அப்படித்தான். 2018இல் திருத்திய சட்டப்படி வெளிநாட்டுப் படகுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து, 17.5 கோடி ரூபா வரை அபராதம் விதிக்கலாம். காகிதத்தில் பெரிய தொகை. கூலி மீனவனிடம் ஏது? தவிர, அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி அரசுக்கு வரும் பணம் திரட்டு நிதியம் என்ற பொதுக் கணக்குக்குப் போகிறது. வேறு சட்டம் போட்டாலொழிய, அபராதம் நேராகப் படகின் டீசல் தாங்கிக்குப் போகாது. என்னைக் கேட்டால், பாக்கு விரிகுடாவில் இன்னும் பத்துப் படகு விட்டாலும் பிரச்சினை தீராது. அங்கே இருந்து வருவது ஓரிரு திருட்டுப் படகு அல்ல, ஒரு கரையோரத்தின் முழுப் பிழைப்பு. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வேறு தொழிலுக்கு மாறுவதற்கு டில்லியும் சென்னையும் காசு செலவழித்தால், அது நமக்கு இருபது டோராவுக்குச் சமம்.

இரண்டாவது கடல் தெற்கும் கிழக்கும். ஆழ்கடல், டூனா போகும் வழி. இங்கே பெரிய கப்பலுக்கு வேலை உண்டு: தூரம், அலை, வாரக்கணக்கில் நிற்க வேண்டிய கட்டாயம். ஆனால் இங்கே நமக்கு விழுந்த பெரிய அடி வெளிநாட்டுப் படகால் வந்ததில்லை. நம் பலநாள் படகுகளே சர்வதேசக் கடலில் கட்டுப்பாடில்லாமல் பிடித்தன, நாம் கண்காணிக்கவில்லை. 2012இல் ஐரோப்பா எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்து, 2015 ஜனவரியிலிருந்து நம் மீனை எடுக்காமல் விட்டது. அதற்கு முன் 2013இல் மட்டும் ஐரோப்பாவுக்குப் போன மீன் 7.4 கோடி யூரோ பெறுமதி. 2016 நடுவில் தடை நீங்கியது. எப்படி? கப்பல் வாங்கியா? இல்லை. படகில் செய்மதிக் கருவி பூட்டி, எங்கே போகிறது என்று கரையிலிருந்து திரையில் பார்த்து, பயணப் பதிவேட்டைச் சரிபார்த்து, துறைமுகத்தில் சோதித்து. ஒரு ரோந்துக் கப்பலின் விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு.

அதற்காகக் கப்பலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திரையில் புள்ளி தெரிந்தால் போதாது, கருவியை அணைத்துவிட்டு வருகிறவனுக்குப் பக்கத்தில் போய் ஏற ஆள் வேண்டும். ஆனால் எங்கே போவது என்று தெரிந்து போகும் கப்பலுக்கு ஒரு நாள் போதும், தெரியாமல் சுற்றும் கப்பலுக்குப் பத்து நாள். இந்தியா 2022இல் தந்த டோர்னியர் விமானம் மாதிரி ஒன்று மேலே பறந்தால் கப்பலின் டீசல் மிச்சம்.

இப்போது உங்கள் பிள்ளைகளின் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? ஏற்கெனவே கொடுக்கிறோம். ஹட்டன் டவுனில் நூறு கிராம் நெத்தலி வாங்கும்போது, அது இறக்குமதி என்றால் விசேட வியாபாரப் பண்ட வரி அதில் இருக்கிறது. டின் மீனிலும் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்த வருஷம் அது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது, லயத்து அடுப்பும் மீனவனின் படகு இஞ்சினும் ஒன்றாக அணைந்தன. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு "மாளு, மாளு" என்று கத்திக்கொண்டு வருகிறவரிடம் சூடை மீன் என்ன விலை என்று கேட்டால், கடல் நமக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். கடற்படையோடும் நமக்குப் பழைய உறவுண்டு, 1950களில் அதன் பயிற்சி முகாம் ஒன்று தியத்தலாவையில் இருந்தது. மலை மேல் நீச்சல் பழகினார்களா என்று என் தாத்தா கிண்டலடிப்பார்.

ஆஸ்பத்திரியா கப்பலா என்று இரண்டையும் மோதவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது சுமார் 442 பில்லியன் ரூபா. அதில் ஏறக்குறைய 382 பில்லியன் மீண்டெழும் செலவினம், 60 பில்லியன்தான் மூலதனம். மீண்டெழும் செலவினம் என்றால் பெரும்பகுதி சம்பளம், சாப்பாடு, சீருடை. அதிலும் பெரிய வாய் தரைப்படை. யுத்தம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு, 2030க்குள் தரைப்படையை ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023இல் அறிவித்தார்கள். அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு துண்டு கடல் நாளுக்குப் போனால் ஆஸ்பத்திரியின் காசைத் தொட வேண்டியதில்லை. போட்டி கப்பலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இல்லை, கப்பலுக்கும் முகாமுக்கும்.

இன்னொன்று, மீன் ஏற்றுமதியில் கிலோவுக்குச் சின்ன வரி. தேயிலைக்கு 2010இலிருந்து விளம்பர வரி என்று ஏற்றுமதியில் கிலோவுக்கு 3.50 ரூபா பிடித்தார்களே, அந்த மாதிரி. தடை வந்தால் முதலில் நட்டப்படுகிறவர்கள் டூனா ஏற்றுமதியாளர்கள்தான், வெஸ்ட்மன் தீவுக்காரர் போல அவர்கள் கொஞ்சம் போடட்டும். ஆனால் தேயிலை வரியில் நாம் பட்ட அனுபவமும் இருக்கிறது: பணம் சேர்ந்தது, உலகளாவிய விளம்பரம் தொடங்கப் பல வருஷம் இழுபட்டது. ஆகவே அந்த வரி எரிபொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் மட்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். டின் மீன் மேல் இன்னொரு வரி போடுகிறோம் என்று யாராவது கிளம்பினால் நானே ஹட்டன் டவுனில் கொடி பிடிப்பேன்.

வடக்குக்கான சின்னப் படகுகளை இங்கேயே கட்டலாம். மாலைதீவுக்கு ரோந்துப் படகு கட்டிக் கொடுத்த கப்பல் தளம் கொழும்பில் இருக்கிறது. ஒரே மாதிரி, ஒரே இஞ்சின், ஒரே ஸ்பேனர். பெரிய கப்பல் பரிசாக வந்தால் வாங்கலாம், பத்து வருஷத்துக்கு உதிரிப்பாகமும் எழுத்தில் தந்தால். தராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுவதே நல்லது. சொல்வது எளிது, கொழும்பில் மாலையும் கெமராவும் தயாராக நிற்கும்போது வேண்டாம் என்று எந்த அமைச்சர் சொல்வார்?

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வருடாந்த மதிப்பீட்டுப் புத்தகம் திறைசேரியின் இணையத்தில் கிடைக்கும். தலைப்பு 223 கடற்படை, தலைப்பு 325 கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டிலும் 1202 என்ற குறியீட்டைத் தேடச் சொல்லுங்கள், அது எரிபொருள். ஐந்து வருஷத்துத் தொகையை எடுத்து, அந்தந்த வருஷத்து டீசல் விலையால் வகுக்கட்டும். வரும் லீற்றர் கூடுகிறதா குறைகிறதா என்று கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, எந்தக் கப்பல் எந்த வருஷம் வந்தது என்று மேலே சொன்னேனே, அந்தத் திகதிகளை அதே கோட்டில் குறிக்கட்டும்.